எட்டாவது கை

நதியில் நீர் ஏறினால் அந்த வீடும் ஏறும். வடிந்தால் அதுவும் இறங்கும். வடிந்திருக்கும் நேரத்தில் தகரக் கூரை மட்டும்தான் தெரியும். அப்போது அப்படி ஒன்று அங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடலாம். நீர் ஏறிவிட்டாலோ அதன் ஜன்னல் ரோகாயாவின் சமையலறைப் படிக்கு நேராக வந்து நின்றுகொள்ளும். உள்ளே கொடியில் காயும் கைலி தெரியும். அடுப்பில் கொதிக்கும் பானை தெரியும். அதன் முன்னால் குனிந்திருக்கும் முதுகும் தெரியும்.

நான்கு நாளாக ரோகாயா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஓகான் ஆறு மூசி ஆற்றில் கலக்கும் முனையிலிருந்து ஒரு மோட்டார் படகு அந்தத் தெப்ப வீட்டை இழுத்து வந்து, இவர்கள் வீட்டுக்குக் கீழே நிற்கும் பழைய கம்பத்தில் கட்டிவிட்டுப் போனதைத்தான் போன வாரப் பகுதியில் பார்த்தோம். வீட்டோடு வந்து இறங்கியவள் ரம்லா. ரோகாயாவின் கணவன் ரோனிக்கு முதல் மனைவி. இன்று மணப்பெண்ணாக உட்காரப்போகும் மஸ்னாவைப் பெற்றவள். பிள்ளைக்கு நாலு வயதாக இருந்தபோது தலாக் வாங்கிக்கொண்டு, கயிற்றை அவிழ்த்து, வீட்டோடு போனவள்.

மற்ற பெண்கள் போனால் ஒரு பெட்டியோடு போவார்கள். போன இடத்தில் ஒரு விலாசம் இருக்கும். ரம்லா போன பிறகு இந்த ஆற்றில் மிதந்து வந்த ஒவ்வொரு தெப்பமும் ரம்லாவின் தெப்பமாக இருக்கலாம் என்று ஆகிவிட்டது. சின்ன வயதில் மஸ்னா ஜன்னலில் தொங்கிக்கொண்டு நின்றதெல்லாம் அதற்காகத்தான். அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரோகாயாவும் கேட்டதில்லை. அவளுக்கு வேறு பிள்ளை இல்லை.

காலையில் ரோகாயா மஞ்சள் போட்ட பசையரிசிச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். மணப்பெண்ணுக்கு ஊட்டும் சோறு அது. கோழியைச் சுட்டு ஓரமாக வைத்திருந்தாள்.

"எட்டு!" என்று சொல்லிக்கொண்டே சலேஹா உள்ளே வந்தாள்.

ரோனியின் மூத்த அக்கா. இந்த வீட்டில் கல்யாணமோ, பெயர் வைப்பதோ, மௌத்தோ, எதுவானாலும் சலேஹா வாயைத் திறந்தால்தான் அடுத்த காரியம் நடக்கும்.

"என்ன அக்கா எட்டு?"

"ஊட்டுற கை எட்டாயிடுச்சுடி. நேத்து வரைக்கும் ஏழு. ஒத்தைப்படையா அழகா இருந்துச்சு. இப்ப உன் மக வந்து என் முந்தானையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. அவ உமாக்கும் ஊட்டணுமாம்."

ரோகாயாவின் கரண்டி நின்றது.

உமாக். இந்த ஊலு கரையில் படித்தளம் வைத்த பெரிய வீட்டுப் பிள்ளைகள் அம்மாவை எபோக் என்பார்கள். தெப்பத்துப் பிள்ளைகள்தான் உமாக் என்பார்கள். மஸ்னா ரோகாயாவை எபோக் என்று கூப்பிட ஆரம்பித்த நாளில் ரோகாயா தெருவுக்கே இனிப்பு கொடுத்தாள். அந்த இன்னொரு சொல்லை இந்தப் பெண் இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாள்?

"அப்ப ஒன்பதாக்கிடுங்க" என்றாள், குரலை ஒன்றும் ஆகாததுபோல வைத்துக்கொண்டு.

"ஒன்பதா? ஒன்பது கை ராஜவம்சத்து ராடென் வீட்டுக்குத்தான்டி. நாம கியாகுஸ் வம்சம். ஒன்பது பேரை உக்கார வெச்சா, கியாகுஸ் வீட்டுக்கு ராடென் ஆசை வந்துடுச்சுன்னு நாளைக்கு மீன்காரி வரைக்கும் சிரிப்பா."

"ஏழே இருக்கட்டும். யாராவது ஒருத்தரை விடுங்க."

"யாரை? பெரியம்மாவை விட்டா அவங்க இன்னிக்கே மயக்கம் போட்டு விழுவாங்க. கோமாரியாவை விட்டா, அடுத்த மாசம் அவ வீட்டு விருந்துல எனக்கு வாசல் தளத்துல பாய் போடுவா. நான் செருப்புக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிடணுமா?"

இந்த வீடுகளின் கூடம் வாசலிலிருந்து உள்ளே போகப் போகத் தளம் தளமாக உயரும். யாருக்கு எந்தத் தளத்தில் பாய் விரித்தார்கள் என்பதைப் பேரன்கள் காலம்வரை ஞாபகம் வைத்திருப்பார்கள். மணமக்கள் உட்காருவது எல்லாவற்றுக்கும் மேலே உள்ள தளத்தில். ஊட்டுகிறவர்களுக்கும் அங்கேதான் பாய்.

"பின்ன ரம்லாவையே வேண்டாம்னு சொல்லிடுங்க."

"சொல்ல மாட்டேனா? சுல்தான் காலத்துல கரையில கால் வைக்க விடாம ஆத்துலயே மிதக்க விட்ட கூட்டம். அவ வந்து நம்ம மேல் தளத்துல உக்காருறதா? ஆனா உன் மக என்ன சொல்றா தெரியுமா? உமாக் ஊட்டலைன்னா நான் வாயே திறக்க மாட்டேங்கிறா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால பொண்ணு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? நீயே போய் அவகிட்ட பேசு. அவளா ஒதுங்கிக்கிட்டா மஸ்னா ஒண்ணும் சொல்ல முடியாது."

"நானா?"

"பின்ன ரோனியையா அனுப்புறது? அவனை அனுப்பினா அங்கேயே உக்காந்து காப்பி குடிச்சிட்டு வருவான்."

சலேஹா சிரித்தாள். ரோகாயாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். நடு அறையில் ரோனி கண்ணாடி முன் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். மகளுக்குக் கல்யாணம், அப்பன் மீசையைத் திருத்திக்கொள்கிறான், அதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடியையே பார்த்தாள். அதில் அவன் முகத்துக்குப் பின்னால் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஆறு தெரிந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு பேர் ஊட்டி முடித்த பிறகு ஏழாவது கை அம்மாவுடையது. பிறந்த வீட்டில் அம்மா கையால் சாப்பிடும் கடைசி வாய் அது. அதற்குப் பிறகு பெண் அடுத்த வீட்டுச் சோறுதான் சாப்பிடுவாள். அந்த ஒரு வாய்க்காகத்தான் ரோகாயா இவ்வளவு காலமும் மஸ்னாவுக்கு ஊட்டினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சலில் வாய் கசந்து பிள்ளை துப்பிய நாட்களில் அவள் அந்த வாயை நினைத்துக்கொண்டதுண்டு.

கையைக் கழுவிக்கொண்டு படியிறங்கினாள்.

நீர் நன்றாக ஏறியிருந்தது. கரைக்கும் தெப்பத்துக்கும் நடுவே ஒரு பலகை கிடந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஆற்றைப் பார்த்து வாழ்ந்தவள், ஒரு தெப்பத்தில் கால் வைத்ததில்லை. வைத்ததும் அது அவள் எடைக்கு ஒரு பக்கம் தாழ்ந்தது. கைக்கு எதுவும் அகப்படவில்லை.

"நடு மூங்கில்ல மிதிங்க, ஞாயு" என்றாள் ரம்லா.

பெரிய வீட்டுப் பெண்களுக்குரிய பட்டப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். அதில் மரியாதையும் இருந்தது, தள்ளி நிற்பதும் இருந்தது. ஒரு கழியை வைத்துக்கொண்டு, மூங்கில்களுக்கு நடுவே வந்து சிக்கிய ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ரோகாயா நினைத்து வைத்திருந்ததைவிடக் கறுத்திருந்தாள். அது ஆறுதலாக இருந்தது. பல் வரிசை மட்டும் அப்படியே மஸ்னாவின் பல் வரிசை. அது ஆறுதலாக இல்லை.

"நீ ஊட்டப்போறியாமே" என்றாள் ரோகாயா.

"அவ வந்து கேட்டா. சரின்னேன்."

"அவ கேட்டதால சரின்னியா, இல்ல அவ கேக்கணும்னே வந்து கட்டினியா? கல்யாணம் வரைக்கும் காத்திருந்து, வளர்க்குற வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் வீட்டை இழுத்துக்கிட்டு வந்து நின்னா எந்தப் புள்ளைதான் உருகாது?"

 ரம்லா கழியை ஊன்றித் தள்ளினாள். ஒரு கொத்து ஆகாயத்தாமரை விடுபட்டு, சுழன்று, பாலத்தின் பக்கம் போயிற்று. அது போவதை இரண்டு பேரும் பார்த்தார்கள். தூரத்தில் நிலக்கரி ஏற்றிய ஒரு பெரிய தட்டைப் படகு போய்க்கொண்டிருந்தது. அதன் அலை வந்து தெப்பத்தைத் தூக்கி இறக்கியது.

"அவளுக்கு முடி எப்படி இவ்வளவு நீளம்?" என்று ரம்லா திடீரென்று கேட்டாள். "எனக்கு இவ்வளவு கிடையாது. அவங்க அப்பா பக்கமும் கிடையாது."

"தேங்காய்ப்பால். வாரம் தவறாம நான்தான் தேய்ச்சுவிடுவேன்."

"ஓ" என்றாள் ரம்லா. கழியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. ரோகாயா அதைக் கவனித்தாள். கவனித்ததில் ஒரு இனிப்பு இருந்தது.

"நான் கல்யாணத்துக்காக வரலை, ஞாயு."

"என்ன?"

"ஓகான் முனையில மரம் ஏத்துற துறை கட்டுறாங்க. தெப்பத்தையெல்லாம் அவிழ்த்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. எங்க போய்க் கட்டுறது? எங்க அப்பா நட்ட கம்பம் இங்கதானே நிக்குது. அதான் வந்தேன். வந்து பார்த்தா உங்க வாசல்ல பந்தல். யாருக்குக் கல்யாணம்னு இழுத்துட்டு வந்த படகுக்காரனைக் கேட்டேன். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"உன் மகளுக்குக் கல்யாணம்னு உனக்குத் தெரியாது?"

"தெரியாது."

"அதை அவகிட்ட சொன்னியா?"

"எங்கே சொல்ல விட்டா? இந்தப் பலகைமேல ஓடி வந்தா. எனக்காக வீட்டையே இழுத்துக்கிட்டு வந்துட்டீங்களா உமாக்னு கேட்டா. மூஞ்சியைப் பார்த்தேன். ஆமான்னுட்டேன்."

 ரோகாயாவின் காலுக்கடியில் மூங்கில் மெல்ல அசைந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இந்தப் பெண்ணை நினைக்கும்போது நெஞ்சில் எரிச்சல் இல்லை. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. கைக்கு அடக்கமாக, கனமாக.

"இன்னிக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் ரம்லா.

ரோகாயா திரும்பி நடந்தாள். இப்போது நடு மூங்கிலை அவள் கால் தானாகவே கண்டுபிடித்தது.

மஸ்னாவை அலங்கரிக்கும் அறையில் சாமந்தியும் மல்லிகையுமாக மணத்தது. பொன் நிறத் தலையலங்காரம் ஏறிவிட்டது. தலையை இப்படி அப்படித் திருப்ப முடியாமல் பெண் நேராக உட்கார்ந்திருந்தாள். ரோகாயா உள்ளே போனதும் அலங்காரக்காரியைப் பார்த்து, "சோறு ஆறிடும், போய்ச் சாப்பிட்டு வா" என்றாள். அவள் போனாள்.

"எபோக்" என்றாள் மஸ்னா. கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். "கீழ போனீங்களாமே."

"போனேன்."

"விரட்டிட்டீங்களா?"

அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக அந்த வாயிலிருந்து வந்துவிட்டது! ரோகாயா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"விரட்டுறதுக்கு அது என் வீட்டு ஆறா?"

பெண்ணின் தோள் தளர்ந்தது. சிரித்தாள். "நான் ரொம்பப் பயந்துட்டேன். அவங்க எனக்காக வீட்டையே பெயர்த்துக்கிட்டு வந்திருக்காங்க எபோக். நினைச்சுப் பாருங்களேன். வேற எவளுக்காவது அம்மா வீட்டோட வந்திருப்பாங்களா? மாப்பிள்ளை வீட்டுல சொன்னா நம்பவே மாட்டாங்க."

நாக்கின் நுனியில் அந்த வாக்கியம் இருந்தது. சின்ன வாக்கியம். உனக்காக வரலை, இடம் இல்லாம வந்தா. சொல்லிவிட்டால் போதும். மை கலையும், பெண் அழுவாள், ரோகாயாவின் மடியில்தான் அழுவாள், வேறு யார் மடி இருக்கிறது? ஏழு கை ஏழாகவே இருக்கும்.

மஸ்னாவின் முகத்தைப் பார்த்தாள். மாவு பூசிய அந்த முகத்துக்கு உள்ளே, ஜன்னலில் தொங்கும் சின்னப் பிள்ளையின் முகம் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்குப் பின்னால், கையில் கிண்ணத்தோடு, ஊட்டக் காத்துக்கொண்டு தான் நின்றதும் தெரிந்தது. எத்தனை வேளை அப்படி நின்றிருக்கிறாள்! பிள்ளை வாயை மட்டும் இந்தப் பக்கம் திருப்பும். வாங்கிக்கொள்ளும். கண் ஆற்றிலேயே இருக்கும்.

கூடவே இருப்பவளை யார் தேடுவார்கள்?

ரோகாயா அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். ரம்லா என்ன செய்தாள்? ஒன்றுமே செய்யவில்லை. இல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். ஊட்டவில்லை, குளிப்பாட்டவில்லை, முடிக்குத் தேங்காய்ப்பால் தேய்க்கவில்லை. இல்லாமல் இருந்தே ஒரு பிள்ளையின் கண் முழுவதையும் எடுத்துக்கொண்டாள். இருந்து இருந்து தனக்கு என்ன கிடைத்தது?

ஒரே ஒரு தடவை தான் இல்லாமல் போனால்?

ஆறு பேர் ஊட்டுவார்கள். ஏழாவதாக ரம்லா வருவாள். அப்போது இந்தப் பெண்ணின் கண் எங்கே போகும்? அது கூட்டம் நிறைந்த கூடம். ஜன்னலில் ஆறு தெரியாது. கதவுதான் தெரியும்.

"என்ன எபோக், எதையோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. பூ சரியுது" என்று எழுந்து, சரியாத ஒரு பூவைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள்.

சலேஹாவிடம் போய், "நான் விலகிக்கிறேன் அக்கா. ஏழாவது ரம்லா ஊட்டட்டும்" என்றாள்.

  "என்னடி சொல்றே? நீயா? இந்த மனசு யாருக்கு வரும்?" என்று ஆரம்பித்து, சலேஹா கண்ணைத் துடைத்து, அங்கேயே இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரிடம் சொன்னார்கள். பெரிய மனசு, பெரிய மனசு என்று வீடு முழுக்க நடந்தது.

"மஸ்னாகிட்ட மட்டும் சொல்லாதீங்க அக்கா. இந்த நேரத்துல பதறுவா" என்றாள் ரோகாயா.

பெண் திடுக்கிட்டுத் தேட வேண்டும். முன்பே தெரிந்தால் எங்கே தேடப்போகிறாள்?

தப்ஸ் மேளச் சத்தம் தெருவிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து கூடத்துக்கும் ஏறி வந்தது. மூன்று நாள் செய்ய வேண்டிய சடங்குகளை இப்போதெல்லாம் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். காலையில் மாப்பிள்ளை வீட்டில் ஆண்கள் மட்டும் கூடி நிக்காஹ். மதியம் இங்கே ஊட்டல். சாயங்காலம் பெண்ணை அக்கரைக்கு அழைத்துப் போய்விடுவார்கள்.

ரோகாயா சமையலறையில் சோற்றுப் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மரச்சுவருக்கு அந்தப் பக்கம் கூடம். ஒவ்வொரு பெண்ணும் ஊட்டும்போது வாழ்த்துவது கேட்டது. பெரியம்மாவின் நடுங்கும் குரல். கோமாரியாவின் மூக்கடைத்த குரல். அவள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஆறாவது முடிந்தது.

அப்புறம் ஒரு அமைதி.

ரோகாயா கரண்டியை வைத்தாள். அமைதி நீண்டது. கூடம் நிறைய ஆட்கள் இருந்தும் ஒரு தும்மல்கூட இல்லை. இப்போதுதான், என்று நினைத்தாள். தலைத்துணியைச் சரிசெய்தாள். கையில் ஒட்டியிருந்த மஞ்சளைக் கழுவினாள். யாராவது வருவார்கள். எபோக்கைக் கூப்பிடுறா என்பார்கள். முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கூப்பிட்டால் போகலாம்.

சுவருக்கு அப்பால் யாரோ மெதுவாகப் பேசினார்கள். வார்த்தை புரியவில்லை.

பிறகு நபி மீதான ஸலவாத் முழங்கியது. சிரிப்புச் சத்தம். தட்டுகள் நகரும் சத்தம். முடிந்துவிட்டது.

யாரும் வரவில்லை.

சமையலறைப் படியில் உட்கார்ந்தாள். நீர் வடிய ஆரம்பித்திருந்தது. கீழே காலியாகக் கிடந்த தெப்ப வீட்டின் ஜன்னல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. பெண் தேடவில்லை. அவ்வளவுதான். தான் இல்லாமல் இருந்தால் அது வெறும் இல்லாமைதான்.

அக்கரைக்குப் போகும் படகு மஞ்சள் குடையோடு துறையில் நின்றது. மஸ்னா ஒவ்வொருவர் கையாகப் பிடித்து முத்தமிட்டுக்கொண்டே வந்தாள். ரோனியின் கையைப் பிடித்து அழுதாள். ரம்லாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரோகாயாவிடம் வந்தபோது கையை வாங்கினாள். உதட்டுக்குக் கொண்டுபோகாமல், நெற்றியில் பட்டும் படாமலும் வைத்து, விட்டுவிட்டாள்.

"ஊட்டத்தான் மனசு வரலை" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "வழியனுப்ப மட்டும் எதுக்கு வந்தீங்க?"

ரோகாயா வாயைத் திறப்பதற்குள் பெண்ணைப் படகில் ஏற்றிவிட்டார்கள். மோட்டார் இரைந்தது. குடை நடு ஆற்றை நோக்கிப் போயிற்று.

"அக்கா" என்று சலேஹாவின் கையைப் பிடித்தாள் ரோகாயா. "உள்ள என்ன நடந்துச்சு?"

"என்ன நடந்துச்சு? நல்லாத்தான் நடந்துச்சு. ஏழாவதா ரம்லா கையைக் கொண்டுபோனா. இவ வாயைத் திறக்காம கதவைக் கதவைப் பார்த்துக்கிட்டிருந்தா. எபோக் எங்கே, எபோக் வராம நான் எப்படின்னு கேட்டா. நான் சொல்றதுக்குள்ள ரம்லா முந்திக்கிட்டா."

"என்னன்னு சொன்னா?"

"தெப்பத்துக்காரிகூட ஒரே பாயில உக்கார உன் எபோக்குக்கு மனசு இல்லைன்னா. அப்புறந்தான் அவ வாயைத் திறந்தா." சலேஹா ரோகாயாவின் முகத்தைப் பார்த்துத் தடுமாறினாள். "நான் என்னடி கண்டேன்? நிஜமா அதுதான் காரணமோன்னு எனக்கே பட்டுச்சு. நம்ம ஆளுங்க யாரு உக்காருவா, சொல்லு."

ரோகாயா படியின் கடைசிவரை இறங்கினாள். தெப்பம் இப்போது வெகு கீழே இருந்தது. ரம்லா அதற்குள் திரும்பிவந்து, கல்யாணத்துக்குக் கட்டிய துணியோடேயே வாசலில் உட்கார்ந்திருந்தாள். வலது கையைக் கழுவாமல் மடியில் வைத்திருந்தாள். விரலெல்லாம் மஞ்சள்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

ரம்லா அண்ணாந்து பார்த்தாள். தப்பிக்கப் பார்க்கவில்லை.

"என் கை அவ வாய்கிட்ட இருக்கு. அவ கண்ணு கதவுகிட்ட இருக்கு. பெத்தவ கையில சோத்தை வெச்சுக்கிட்டு நிக்கிறேன், அவ உங்களைத் தேடுறா. பொறுக்க முடியலை, ஞாயு."

 தேடியிருக்கிறாள். வாயைத் திறக்காமல் தேடியிருக்கிறாள். ரோகாயா ஆசைப்பட்டதெல்லாம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்திருக்கிறது. அவள் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீயே வந்து அவகிட்ட சொல்லு. பொய் சொன்னேன்னு சொல்லு. நான் வேற எதையும் பேச மாட்டேன்."

"அதை என்னால சொல்ல முடியாது."

"அப்ப நான் போறேன்."

"போய், நான் எதுக்கு வந்தேன்னு சொல்லப்போறீங்க." ரம்லா மெதுவாக எழுந்தாள். "சொல்லுங்க. உங்க இடத்துல நான் இருந்தா காலையிலேயே சொல்லியிருப்பேன். ஆனா அதுக்கப்புறம் அவ என்னையும் பார்க்க மாட்டா, காலையிலிருந்து தெரிஞ்சும் மறைச்ச உங்களையும் பார்க்க மாட்டா. யோசிச்சுக்குங்க."

ரோகாயா துறையில் நின்ற ஒரு சின்ன மோட்டார் படகைக் கைகாட்டி அழைத்தாள். விருந்துக்குக் கட்டிய சரிகைத் துணி நனைவதைப் பார்க்காமல் ஏறினாள். மேலே சலேஹா ஏதோ கத்தினாள். ரோனி படியில் வந்து நின்றான். அவன் யாரைப் பார்க்கிறான், போகிறவளையா, தெப்பத்தில் நிற்பவளையா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றியது. பார்க்கவில்லை.

படகு நடு ஆற்றுக்கு வந்தது. முன்னால், பாலத்தின் நிழலைத் தாண்டி, மஞ்சள் குடை தெரிந்தது. ரம்லாவோடு ஒரே பாயில் உட்கார எனக்கு மனசு இருந்தது என்று சொன்னால், பிறகு ஏன் வரலை என்பாள். நீ என்னைத் தேட வேண்டும் என்றுதான் என்று எந்த அம்மா மகளிடம் சொல்லுவாள்? அதைச் சொல்லக் கூசினால் மிச்சம் இருப்பது ரம்லா எதற்கு வந்தாள் என்ற மற்ற வாக்கியம் ஒன்றுதான். அது இன்னும் அதே இடத்தில், நாக்கின் நுனியில், தயாராக இருந்தது.

குடைக்குக் கீழே இருந்த முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று இங்கிருந்து தெரியவில்லை.

"கல்யாணப் படகு கரை சேர்றதுக்குள்ள புடிச்சிடலாம் அக்கா" என்றான் படகுக்காரன். "வேகம் வைக்கட்டுமா?"

ரோகாயா படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் போ" என்றாள்.